காக்கா தூக்கிட்டுப் போயிட்டு

எங்கள் குடியிருப்பில் காக்கா முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போனது, சி பிளாக் மாடியில் இருக்கும் கோமதி வீட்டு டிவி ரிமோட்டை. அதுவரைக்கும் செய்யாத திருட்டுக்கெல்லாம் காக்காவின் தலையில்தான் பழி விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை கேட்கும் பொருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை விரித்துக் காட்டி, "காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்று சொல்லாத தாய் பாளையங்கோட்டையிலேயே கிடையாது. பொருள் பீரோவுக்கு மேலே இருக்கிறது, அல்லது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, அல்லது அம்மாவின் இடுப்பில் செருகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கோமதி இதை மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னாள் என்றால், அவளைக் குற்றம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் கிடையாது. அவளுக்கு ஒன்றரை வயதில் இரட்டைப் பையன்கள், இனியன், எழிலன். நாலு வயதில் மூத்தவள், எல்கேஜி போகும் பூரணி. கணவன் இசக்கிராஜ் மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்காசிப் பக்கம் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஒருத்தனுக்கு இட்லி ஊட்டினால் இன்னொருத்தன் சட்னிக்குள் கையை விட்டிருப்பான், அந்தக் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் முதலாமவன் வாயிலிருந்த இட்லியை எடுத்து அப்பாவின் செருப்புக்கு ஊட்டிக்கொண்டிருப்பான், செருப்பைப் பிடுங்கினால் அவன் அழுவான், அவன் அழுதால் மற்றவன் என்ன ஏது என்று விசாரிக்காமலே கூடச் சேர்ந்து அழுவான், இரண்டு பேரையும் இரண்டு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு ஜன்னலண்டை போய் நின்றால் அழுகை நிற்கும், ஆனால் அதே நேரத்தில் குக்கர் விசில் அடிக்கும், அடுப்பை அணைக்க அவளுக்குக் கை இருக்காது. இப்படிப்பட்டவள் கத்தரிக்கோலையும் செல்போனையும் பவுடர் டப்பாவையும் இரண்டாவது சாக்லேட்டையும் காக்காவின் கணக்கில் எழுதாமல் வேறு யார் கணக்கில் எழுதுவாள்?

அன்றைக்கு ரிமோட்டுக்காக இரட்டையர் இரண்டு பேரும் உருண்டுகொண்டிருந்தார்கள். கோமதி வழக்கம்போல அதைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கையை விரித்து, "ரிமோட்ட காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்றாள். தம்பிகள் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு வெல்க்ரோ ஒட்டிக்கொண்டிருந்த பூரணி, தலையைத் தூக்காமல், "ம்" என்றாள். அந்த "ம்" முடிந்ததும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு காக்கா உள்ளே வந்தது, ஃபிரிட்ஜ் மேல் இறங்கியது, ரிமோட்டை அலகால் இரண்டு தரம் புரட்டிப் பிடிமானம் பார்த்து எடுத்துக்கொண்டது, வந்த வழியே போனது. பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் வாகை மரத்தில் ஒரு கிளை இடுக்கில் அதைச் செருகி வைத்தது. கோமதி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். இனிமேல் ஸ்டூல் போட்டு ஏறி ஒளித்துவைக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு தோசை மாவைக் கலக்கப் போனாள்.

சங்கதி கீழ்வீட்டு ரோஸ்லினுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ரோஸ்லினுக்குத் தெரிந்தால் குடியிருப்புக்குத் தெரிந்த மாதிரி. மறுநாள் காலையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளை நிறுத்திவைத்துக் காக்காவின் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு காக்காவும் வரவில்லை. "எம் மவன்ட்ட சொன்னேன், எந்தக் காக்கா, ஆம்பளக் காக்காவா பொம்பளக் காக்காவான்னு கேக்கான்" என்று ரோஸ்லின் அலுத்துக்கொண்டாள். ஏ பிளாக்கில் ஒரு பிள்ளை, "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்று பெற்ற அப்பனையே மிரட்டியிருக்கிறது. யோசித்து யோசித்து ரோஸ்லின்தான் கண்டுபிடித்தாள். கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை "ம்" கொட்டினால்தானே கதை மேலே நகரும், காக்காவும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். பொய்யைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்கு "ம்" கொட்ட ஒரு பிள்ளை வேண்டும். மறுபேச்சு இல்லாமல் "ம்" கொட்டுகிற பிள்ளை எங்கள் குடியிருப்பு முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான் இருந்தது.

பூரணி அப்படி ஆனது தம்பிகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தொட்டிலில் குனிந்து இரண்டு பேரையும் கொஞ்சிவிட்டு, நிமிரும்போது இவள் கன்னத்தைத் தட்டி, "இனிமே நீ பெரிய பிள்ளைல்லா" என்றார்கள். அவள் "ம்" என்றாள். பெரிய பிள்ளை தானே சாப்பிடும். "ம்." பெரிய பிள்ளை படியில் நடந்துதான் இறங்கும், அம்மா இடுப்பில் இடமில்லை. "ம்." பெரிய பிள்ளை தம்பி தூங்குகையில் பாட்டுப் பாடாது. அதற்கும் "ம்." சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று ஊரே மெச்சியது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொஞ்ச நேரம், தம்பிகள் இல்லாமல், அம்மா தன்னை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கிற பிள்ளை பெரிய பிள்ளை இல்லை என்று நினைத்ததால் அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு பூரணிக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. பள்ளிக்கூட வேன் வந்து இறக்கிவிட்டதுமே ஆளாளுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் அவள் கையில் முறுக்கைக் கொடுத்து, தன் நாத்தனார் பரிசளித்த பிளாஸ்டிக் அன்னப்பறவை ஜோடியைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். "ம்" என்றதும் இரண்டு காக்காக்கள் வந்து ஆளுக்கொரு அன்னத்தைத் தூக்கிப் போயின. பி பிளாக் கல்யாணப் பெண் தனக்குப் பிடிக்காத மாப்பிள்ளையின் போட்டோவைக் காக்காவிடம் கொடுத்தனுப்பினாள். சங்கச் செயலாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, தபாலாபீசில் அதிகாரம் பண்ணி ஓய்வு பெற்றவர், சாமான் கீமான் என்று அலையாமல் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு, "தாயி, தாத்தாவுக்கு இருந்த மூட்டு வலிய காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்றார். பூரணி அவருடைய முழங்காலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், "ம்" என்றாள். வந்த காக்காவுக்கு எதைத் தூக்குவதென்று முதலில் புரியவில்லை. அவர் காலைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு எதையோ கொத்தி எடுத்தது. அண்ணாச்சி எழுந்து படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அந்தக் காக்கா அன்றிலிருந்து ஒரு காலை நொண்டிக்கொண்டு திரிந்தது.

வாகை மரம் மாமியார் வீட்டுச் சீர்வரிசை மாதிரி நிறைந்துபோனது. ரிமோட்டும் கரண்டியும் அன்னங்களும் கிளைகளில் தொங்க, அவற்றுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரங்களும் இருந்தன. ஒருத்தருடைய விக்கல், ஒருத்தருடைய பரீட்சை பயம், ஏ பிளாக் தம்பதியின் ஒரு பழைய சண்டை. காற்றடித்தால் அந்தச் சண்டை மட்டும் லேசாகக் கேட்கும். நாங்கள் பழகிக்கொண்டோம். சங்கக் கூட்டத்தில் மரத்தடியில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டு அதோடு விட்டுவிட்டோம்.

பூரணி முறுக்கும் கடலைமிட்டாயுமாக வீட்டுக்குத் திரும்பி, சமையலறை வாசலில் நின்று, அம்மா திரும்பிப் பார்ப்பாளா என்று பார்ப்பாள். கோமதி எழிலனுக்கு டவுசர் போட்டுக்கொண்டிருப்பாள், அல்லது இனியன் மூக்குக்குள் போன உளுந்தை எடுத்துக்கொண்டிருப்பாள். "செத்த நேரம் இருடி, பெரிய பிள்ளைல்லா" என்பாள். "ம்" என்று வாசற்படியில் உட்கார்ந்து, பூரணி முறுக்கைத் தானே தின்று முடிப்பாள். மகள் நிற்பது கோமதிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது, அது அவளுக்கு நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டும் இருந்தது, ஆனால் உளுந்து இன்னும் மூக்குக்குள் இருந்தது.

பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு நாள், இரட்டையர் இருவருக்கும் ஒன்றாகப் பல் முளைக்கக் கிளம்பியது. விடிந்ததிலிருந்து அழுகை. குழாயில் தண்ணீர் வரவில்லை, மாவு புளித்திருந்தது, ஒருத்தன் குடித்த பாலை இன்னொருத்தன் மேல் வாந்தி எடுத்தான். பத்து மணி வாக்கில் ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒரு காலிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். கோமதி அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். குளிக்கப் போகவில்லை, சும்மா உட்காரத்தான் போனாள். யாரும் தொடாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கதவு தட்டப்பட்டது. ரொம்ப மெதுவாக, விரல் நுனியால்.

"அம்மா. தம்பிமாரு பெட்டிக்குள்ள இருக்காங்க. என்னைய மட்டும் கொஞ்சம் தூக்குதியா?"

பூரணி அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ மாதமாக மனசுக்குள் வைத்திருந்து, நல்ல நேரம் பார்த்து வந்து கேட்டாள். கோமதிக்கு அது தெரியவில்லை. இன்னொரு கை தன்னைத் தேடி வருகிறது என்பது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, வாய் போன போக்கில், "அம்மா இங்க இல்ல. அம்மாவ காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்றாள்.

கதவைத் தட்டிய விரல் நின்றது. பிறகு, சின்னதாக, "ம்."

காக்காக்கள் கூட்டமாக வந்தன. தாழ்ப்பாளைக் கோமதியேதான் திறந்துவிட்டாள், வந்தவர்களை வெளியே நிறுத்திவைத்துப் பழக்கமில்லாதவள். நைட்டியின் தோள்பட்டையையும், மேலே போட்டிருந்த துண்டையும், பின்னல் நுனியையும் பிடித்துக்கொண்டு, அவளைப் பால்கனி வழியாக, மொட்டைமாடியில் காய்ந்த வடகத்துக்கு மேலாக, அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் வாகை மரத்தின் பெரிய கவையில் சாய்த்து உட்காரவைத்தன. கீழே நின்று அண்ணாந்து பார்த்த பெண்களில் ஒருத்தியும் ஐயோ என்று சொல்லவில்லை. கோமதி காலை நீட்டினாள், ஒரு அன்னப்பறவையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள், தூங்கிப்போனாள். வெயில் படாமல் காக்காக்கள் சிறகை விரித்து நின்றன. "கொடுத்து வச்சவ" என்று ரோஸ்லின் சொன்னாள், அதில் பொறாமை நன்றாகவே தெரிந்தது.

பிள்ளைகளைக் குடியிருப்பு எடுத்துக்கொண்டது. மூன்றே மூன்று பிள்ளைகள், நாம் இத்தனை பேர் இருக்கிறோம், ஒரு பகல் பார்த்துக்கொள்ள முடியாதா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தபாலாபீசையே ஆட்டிவைத்த சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு டவுசரைக் கையில் பிடித்துக்கொண்டு எழிலனைத் துரத்தினார், பிடித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அது இனியன் என்று தெரிந்தது, எழிலன் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ரோஸ்லின் பருப்புச் சாதம் பிசைந்து வந்தாள், அதில் பாதி அவள் தலையில் இருந்தது, மீதி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஒருத்தனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தால் மற்றவன் வந்து அவன் கண்ணிமையைப் பிரித்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். மதியத்துக்குள் ஏ பிளாக் படுத்துவிட்டது, மூன்று மணிக்குள் பி பிளாக் கதவைச் சாத்திக்கொண்டது. இதையெல்லாம் அந்தப் பொம்பளை ஒருத்தியாகத் தினமும் செய்கிறாளா என்று ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பூரணியை மட்டும் யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் இசக்கிராஜ் வந்தான். பையைக் கழற்றாமல் மரத்தடிக்குப் போய், "கோமதி, இவன்களுக்குப் பால் பாட்டில் எங்கன வச்சிருக்க?" என்று கேட்டான். "காக்காட்ட கேளுங்க" என்று தூக்கக் கலக்கத்தில் மேலேயிருந்து பதில் வந்தது. அப்புறம்தான் அவளுக்குத் தம்பிகளின் அழுகை காதில் விழுந்தது, மரத்தடியில் மகள் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. காலையில் கதவுக்கு வெளியே கேட்ட குரல் என்ன கேட்டதென்று அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அவசரமாக இறங்கப் பார்த்தாள். காக்காக்கள் நெருக்கிக்கொண்டு வழியை மறித்தன. முரட்டுத்தனம் எதுவும் இல்லை. ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தவர் சொல்லாமல் விடமாட்டோம் என்பதுபோல நின்றன. "என்னைய விடுங்க, எம் பிள்ள நிக்கா" என்று கோமதி கெஞ்சினாள். ஏணி வைத்தார்கள், எட்டவில்லை. வடை போட்டார்கள், தின்றுவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டன.

ரோஸ்லின்தான் சொன்னாள். "அவ ம் சொல்லித்தான போச்சு. அவ ம்ஹூம் சொன்னா வந்துராதா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கிவிடுமே என்று சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார், சொல்லும்போதே கை முழங்காலுக்குப் போனது. ஏ பிளாக் தம்பதி தங்கள் சண்டை தொங்கிய கிளையைப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. கொஞ்சம் யோசித்துச் செய்யலாம், ராத்திரி இருந்தால் இருக்கட்டும், நாளைக்குச் சங்கத்தைக் கூட்டி, எது எது வரலாம் என்று பேசி முடிவெடுக்கலாம் என்று ஒவ்வொருத்தராகச் சேர்ந்துகொண்டார்கள். கெட்டவர்கள் இல்லை, வலி போன காலோடு கொஞ்ச நாள் நடந்து பார்த்துவிட்டவர்கள்.

அண்ணாச்சி பூரணி முன்னால் குனிந்தார். வலிக்காமல் குனிய முடிந்தது. "தாயி, அம்மா ராத்திரிக்கு அங்கன தூங்கட்டும், என்னா? காலையில நாங்க கூட்டியாந்து விட்டுருதோம். நீ பெரிய பிள்ளைல்லா."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கையில் முறுக்கு கொடுத்தவர்கள், கன்னத்தைத் தட்டியவர்கள், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று மெச்சியவர்கள், அத்தனை பேரும் அந்த ஒரு எழுத்துக்காகக் காத்து நின்றார்கள். மேலே காக்காக்களும் தலையைச் சாய்த்துக் கேட்டன. இப்போது ஒரு "ம்" விழுந்தால் அம்மா இன்றைக்கு இல்லை, சங்கம் கூடிப் பேசினால் நாளைக்கும் நிச்சயமில்லை. கோமதி கிளையைப் பிடித்துக்கொண்டு, மகளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று கத்த வாயைத் திறந்தவள், இந்தப் பிள்ளையை இப்படிப் பழக்கியது நான்தானே என்று நினைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூரணி எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். உதட்டை மூடிக்கொண்டாள். அண்ணாச்சிக்கு நிம்மதி வந்துவிட்டது, "ம்" சொல்லத்தானே உதட்டை மூட வேண்டும்.

"ம்ஹூம்" என்றாள் பூரணி.

யாருக்கும் கேட்காதோ என்று இன்னொரு தரம், வயிற்றிலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, "ம்ஹூம்" என்றாள்.

மரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. ரிமோட் விழுந்தது, கரண்டி விழுந்தது, அன்னங்கள் விழுந்தன, கத்தரிக்கோல் மண்ணில் குத்தி நின்றது, பவுடர் டப்பா உடைந்து எல்லோர் தலையும் வெளுத்தது. ஏ பிளாக் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மாப்பிள்ளை போட்டோ கல்யாணப் பெண் காலடியில் வந்து விழ, அவள் அதைக் கையில் எடுத்து, அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், "எனக்கு இந்த மாப்பிள வேண்டாம்" என்று தன் அப்பாவிடம் தானே சொன்னாள். நொண்டிக் காக்கா இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நாலு எட்டு நடந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சி "யம்மா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில், காக்காக்கள் சூழ, துண்டு பறக்க, பின்னல் அவிழ, கோமதி தரைக்கு வந்து மகள் முன்னால் நின்றாள்.

அம்மாவைக் கண்டதும் இரட்டையர் இரண்டு பேரும் அவரவரைத் தூக்கி வைத்திருந்தவர்களை உதைத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். கோமதியின் இரண்டு கையும் பழக்கத்தில் இரண்டு பக்கமும் நீண்டன.

"ம்ஹூம்" என்று பூரணி குறுக்கே வந்து நின்றாள். "மொதல்ல நான். நான் மட்டும்."

கோமதி நீட்டிய கையை மடக்கினாள். இத்தனை மாதம் நெஞ்சுக்குள் உறுத்திய எல்லாம் அவள் கண்ணில் வந்து நின்றது. குனிந்து மகளை வாரி எடுத்தாள். நாலு வயதுப் பிள்ளை நல்ல கனம் இருந்தாள், கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தம்பிகள் தரையில் உருண்டு ஊரைக் கூட்டி அழுதார்கள். கோமதி அவர்களைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். ரோஸ்லின் இனியனைத் தூக்கினாள். இசக்கிராஜ் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழிலனைத் தூக்கினான். வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, "இங்க கொண்டாங்க ஒருத்தன, மடியில போடுங்க, காலுதான் வலிக்கி, கை நல்லாத்தான இருக்கு" என்றார் அண்ணாச்சி. பி பிளாக்கில் சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கோமதி மகளோடு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று முடிந்ததும், "எறங்குதியா?" என்று கேட்டாள். கழுத்தைக் கட்டியிருந்த பூரணி, "ம்ஹூம்" என்றாள். கோமதி சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள், ஒவ்வொரு சுற்றிலும் அதையே கேட்டாள், அந்தப் பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டாள்.